மூன்றாம் நம்பர் சிஸ்டம் காட்டிக் கொடுத்த பெயர்

கனகம் அக்காவிடம் நான் போட்ட சண்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சண்டை எனக்குப் புதிதில்லை. சங்கரன்கோவிலிலிருந்து பெட்டியோடு ஒரகடத்தில் வந்து இறங்கிய முதல் வாரமே ஹாஸ்டல் வார்டன், மெஸ்காரர், கம்பெனி பஸ் டிரைவர் என்று மூன்று பேரோடு சண்டை போட்டு முடித்திருந்தேன். அவை எல்லாம் நியாயமான சண்டைகள். அக்காவோடு போட்டதுதான் அநியாயம்.

அக்கா பிள்ளைப்பாக்கத்துக்காரர். கூட்டு ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். ஆளுக்கொரு செல்போன் வந்து பூத்தில் ஈ ஓட்ட ஆரம்பித்ததும், கண்ணாடிக் கூண்டைப் பிரித்துப் போட்டுவிட்டு மூன்று கம்ப்யூட்டர்களை வாங்கி நெட் சென்டர் ஆக்கினார். மற்ற சென்டர்களில் ஆளுயரத் தடுப்பும் திரைச்சீலையும் இருக்கும். இங்கே அந்தக் கதையே கிடையாது. அதனால்தான் எங்கள் வார்டன் இங்கே மட்டும் போக விட்டார்.

திரை இல்லாத குறையை அக்காவே தீர்த்துவைத்தார். யாராவது பாஸ்வேர்டு அடிக்கக் கையை வைத்தால் போதும், நாற்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு லாரிகளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். யார் என்ன பார்க்கிறார்கள், யாருக்கு என்ன எழுதுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“பூத்து வெச்சிருக்க சொல்லோ எத்தினி பேரு கூண்டுக்குள்ள அழுதுக்கினே பேசிகீறாங்க. நான் இன்னா ஏதுன்னு கேட்டுருந்தா மறுநாளு வருவாங்களா?” என்பார்.

இது 2005இல் நடந்தது. நான் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் இருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால் வேலை நீளும், போடாவிட்டால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். எங்கள் லைன் சூப்பர்வைசர் சண்முகசுந்தரத்துக்கு ஒரு கொள்கை உண்டு. வெளியே வேலை தேடுகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். அவர்கள் துரோகிகளாம். காலை மீட்டிங்கில் வாரம் ஒருமுறையாவது இதைச் சொல்லிவிடுவார்.

அப்போது பக்கத்தில் புதிதாக வந்த ஒரு கம்பெனி பெர்மனென்ட் ஆட்களை எடுப்பதாகப் பேச்சு அடிபட்டது. நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா சென்டருக்குப் போய், மூன்றாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்து, வேலை தேடும் வெப்சைட் ஒன்றில் பெயரைப் பதிந்து விண்ணப்பம் போட்டேன். ஹாஸ்டல் தோழி எழிலரசியிடம்கூட மூச்சு விடவில்லை.

திங்கட்கிழமை காலை, நான் ஒயர் சொருகிக்கொண்டிருந்த மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார் சண்முகசுந்தரம்.

“அந்தக் கம்பெனிக்கு எப்பம்மா போற?” என்றார் மெதுவாக. “கனகம் சென்டர்ல போட்டியாமே. சனிக்கிழமை கான்ட்ராக்ட் பேப்பர் வருது, பாத்துக்கலாம்.”

அன்றைக்கு நான் கட்டிய ஒயர்களில் பதினொன்று தப்பு என்று திரும்பி வந்தன. சென்டரில் நான் உட்கார்ந்ததைப் பார்த்தவர் அக்கா ஒருவர்தானே? ஷிப்ட் முடிந்ததும் ஹாஸ்டலுக்குக்கூடப் போகாமல் நேராக அங்கே போய் இறங்கினேன்.

“ரோட்டப் பாக்குத மாதிரி நடிச்சிக்கிட்டு எல்லாத்தையும் பாத்துத்தான வச்சிருக்கீங்க. எங்க சூப்பர்வைசர்ட்ட போயி சொல்லியிருக்கீங்க. ஒரு பொம்பளப்பிள்ள பொழப்புல மண்ண அள்ளிப் போட ஒங்களுக்கு எப்படிக்கா மனசு வந்துச்சி?”

இன்னும் நிறையச் சொன்னேன். எழுத முடியாது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது.

“நான் சொல்லல. ஆனா இங்கர்ந்துதான் போயிகீது. எப்டி போச்சுன்னு பாக்கணும்,” என்றார்.

அவர் என் வாயை அடைத்திருக்கலாம், வெளியே போகச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பரசுராமனுக்குப் போன் போட்டார்.

பரசுராமன் மறுநாள் சாயங்காலம் காஞ்சிபுரத்திலிருந்து பைக்கில் வந்தார். நானும் கோபம் தணியாமல் பக்கத்திலேயே நின்றேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேட்டுவிட்டு, “வெளிய வரும்போது சைன் அவுட் பண்ணியா?” என்றார் என்னிடம்.

“அந்தப் பக்கத்த மூடிட்டு எந்திரிச்சேன்.”

“என்னை ஞாபகம் வெச்சிக்கோன்னு ஒரு கட்டம் இருந்திருக்குமே?”

இருந்தது. முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. அரசாங்க ஃபாரம் மாதிரி அதுவும் கட்டாயம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

“அதான் விஷயம். அந்த சைட்டு உன் சிஸ்டத்துல சின்னதா ஒரு சீட்டு வெச்சிட்டுப் போவுது. குக்கின்னு சொல்வாங்க. அதுல இருக்கிறது பெரும்பாலும் ஒரு நம்பர்தான். அந்த நம்பர் யாருதுன்னு சைட்டுக்குத் தெரியும். அடுத்தவாட்டி இதே சிஸ்டத்துல சைட்டைத் தொறந்தா, சீட்டைப் படிச்சிட்டு அதே ஆள்தான்னு உள்ள விட்டுடும். உக்காந்திருக்கிற மூஞ்சியப் பாக்காது. இரு, காட்டுறேன்.”

மூன்றாம் நம்பரில் அந்த வெப்சைட்டைத் திறந்தார். என் பெயர் வரும் என்று பார்த்தேன். ‘வெல்கம் சண்முகசுந்தரம்’ என்று வந்தது.

நான் எழுந்துபோன பிறகு அவரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே சைட்டைத் திறந்திருக்கிறார். என் பெயர் வரவேற்றிருக்கிறது. நான் எந்தக் கம்பெனிக்குப் போட்டிருக்கிறேன் என்பது வரை பார்த்துவிட்டு, என்னை வெளியே தள்ளிவிட்டுத் தன் பெயரில் நுழைந்திருக்கிறார். துரோகிகள் என்று திட்டியவரே வேலை தேடி வந்து, அதே கட்டத்தில் இருந்த டிக்கை எடுக்காமல் போயிருக்கிறார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அண்ணே, இத அப்படியே பிரிண்ட் எடுங்க. சனிக்கிழம கான்ட்ராக்ட் பேப்பர் நீட்டும்போது நானும் இத நீட்டுதேன்.”

அக்கா குறுக்கே வந்து மவுசைப் பிடித்துக்கொண்டார்.

“எப்டி அழிக்கிறது, சொல்லு,” என்றார் பரசுராமனிடம்.

அவர் சொல்லச் சொல்ல, மேலே டூல்ஸ், அதில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அதில் டெலீட் குக்கீஸ் என்று அக்கா ஒவ்வொன்றாக அமுக்கினார். சைட்டை மறுபடி திறந்தபோது அது யாரையும் தெரியாததுபோல் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. என் வேலையைக் காப்பாற்ற வந்த ஒரே ஆயுதம் என் கண்ணெதிரே போயே போய்விட்டது.

“அவரு என் கஸ்டமரும்மா,” என்றார் அக்கா.

“அப்ப நான் யாரு?”

“நீயும்தான். உன் பேரு அவருக்குத் தெரிஞ்சது என் தப்பு. அவரு பேரு உனக்குத் தெரிஞ்சதும் என் தப்பு. ரெண்டாவதையாச்சும் நீ மறந்துடு.”

நான் கிளம்பிவிட்டேன்.

அடுத்த இரண்டு நாள் சென்டரில் ஒரே கூத்து. இனிமேல் ஒரு சீட்டும் உள்ளே வரக்கூடாது என்று அக்கா குக்கீயை மொத்தமாகத் தடுத்தார், யாருக்கும் மெயில் திறக்கவில்லை. பிறகு, ஒவ்வொரு சீட்டுக்கும் அனுமதி கேட்கும்படி மாற்றினார். ஒரு பக்கம் திறப்பதற்குள் பத்துத் தடவை கேட்டது. ரயில் டைம் பார்க்க வந்தவர் ரயிலே போய்விடும் என்று எழுந்து போனார். கடைசியில், ஒருவர் எழுந்ததும் அழித்துவிட்டுத்தான் அடுத்தவரை உட்காரவிடுவது என்று முடிவானது. சைன் அவுட் செய்ய வேண்டும், டிக்கை எடுக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினார். இதெல்லாம் எழிலரசி வந்து சொன்னது.

வியாழக்கிழமை மனசு கேட்காமல் நானும் போனேன். முதல் சிஸ்டத்தில் உட்கார்ந்திருந்தபோது சண்முகசுந்தரம் உள்ளே வந்தார். அக்கா எழுந்து நின்றார்.

“சார், உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும். மூணாம் நம்பரு, முன்னாடி வந்தவங்க பேர பின்னாடி வர்றவங்களுக்குக் காட்டிக்கினு இருந்துச்சி. உங்க பேரும் ரெண்டு நாளு அதுலயே நின்னுக்கினு இருந்துச்சி. அழிச்சிட்டேன். என்கிட்டர்ந்து யாருக்கும் போவாது சார்.”

அதில் மிரட்டல் துளியும் இல்லை. நிஜமாகவே மன்னிப்புக் கேட்டார். சண்முகசுந்தரத்துக்கு வியர்த்துவிட்டது. அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். “எப்படி அழிக்கிறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க,” என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அவர் போனதும், “நான் அன்னைக்கிப் பேசினது தப்புக்கா,” என்றேன். அழுகை வந்துவிட்டது. “போன் பண்ணி ஊர்ல பேசினியா? அம்மா நல்லா கீறாங்களா?” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

சனிக்கிழமை கான்ட்ராக்ட் பேப்பரில் கையெழுத்து இருந்தது. அதை நீட்டியபோது சண்முகசுந்தரம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அந்தக் கம்பெனியில உனக்கு இன்டர்வியூ லெட்டர் வந்துச்சாம்மா?”

“பதினாலாம் தேதி சார்.”

“எனக்கு இன்னும் வரல,” என்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. பதினாலாம் தேதி எனக்கு லீவும் கொடுத்தார்.

அவர் அப்படிக் கேட்டதை நான் கனகம் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. இதில் அக்கா பெயர் நிஜம். சூப்பர்வைசர் பெயரை மட்டும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். நிஜப் பெயரைப் போட்டிருந்தால் அக்கா என்னோடு பேச மாட்டார்.