படத்தில் கிடந்த வெட்டம்

போன சனிக்கிழமை கோட்டாறு பக்கம் ஒரு புது வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போயிருந்தேன். ஜெபம் முடிந்து, பிரியாணியும் முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி ஸ்டெல்லா அக்கா வந்து, "மக்கா, இஞ்ச ஒரு நிமிஷம் வா" என்று தையல் அறைக்குக் கூட்டிப்போனார்.

மதியம் ஒரு மணி. அறையில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

அந்த லைட்டை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏன்? சொல்கிறேன்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும் — கட்டாத வீட்டின் அறைகளைக் கம்ப்யூட்டரில் போட்டோ மாதிரி காட்டுவது. எப்படி நிஜம் போலவே இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். பெரிய ரகசியம் இல்லை... அழுக்குதான்! எல்லாமே பளபளவென்று இருந்தால் பொம்மை வீடாகிவிடும். குஷனைக் கொஞ்சம் சரிய விட வேண்டும். மேஜை விளிம்பை லேசாக மழுக்க வேண்டும். சுவிட்ச் போர்டைச் சுற்றி விரல் கறை வைத்தால் பார்க்கிறவர் சொக்கிப்போவார்.

ஸ்டெல்லா அக்கா வீட்டில் இருந்தே பிளவுஸ் தைப்பவர். கண்ணில் ஆபரேஷன் ஆனவர். கணவர் தோஹாவில். வீடு கட்டும் முன் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"டைல்ஸ் எதுன்னாலும் போடட்டும் மக்கா. எனக்கு இருந்து தைக்க வெட்டம் வேணும், கேட்டியா?"

எங்கள் ஊரில் வெளிச்சத்துக்குப் பெயர் வெட்டம்.

தையல் அறைக்கு இரண்டு இடம் இருந்தது. ரோட்டுப் பக்கம் ஒன்று, கிழக்குப் பக்கம் ஒன்று. இரண்டையும் படம் போட்டேன். கிழக்கு ஜன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டு மாடிச் சுவர், மூன்றே அடி தள்ளி. என் ஃபைலில் அந்தச் சுவரும் இருந்தது. அதனால் அறை இருண்டு கிடந்தது. என்ன செய்தேன்? ஒரே கிளிக்... சுவரை மறைத்துவிட்டேன்.

வெயில் உள்ளே பாய்ந்தது. மிஷின் மேல் வெயில், தரையில் ஜன்னல் கம்பி நிழல், காற்றில் மிதக்கும் தூசி, கீழே இரண்டு நூல் துண்டு. நான் செய்ததிலேயே நல்ல படம் அதுதான். சுவரைத் திரும்ப வைக்க மனசு வரவில்லை.

தோஹாவிலிருந்து அண்ணன் வாய்ஸ் மெசேஜ்: "ஏலே, இது போட்டோவால்லா இருக்கு! கிழக்கு ரூமையே போட்டுருவோம்."

அந்தச் சுவர் அவர்களுக்கும் தெரியும்தான். ஆனால் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத்தானே காட்டியிருக்கும் என்று நம்பிவிட்டார்கள். விரல் கறையைக்கூட விடாமல் காட்டுகிறவன் ஒரு சுவரையே மறைப்பான் என்று யார் நினைப்பார்கள்?

சனிக்கிழமை அதே அறையில் நின்றேன். படத்தில் வைத்த இடத்திலேயே மிஷின். கீழே நூல் துண்டுகள்கூடக் கிடந்தன. வெயில் மட்டும் இல்லை.

அக்கா கோபப்படவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "படத்துல நல்ல வெட்டம் கெடந்துல்லா மக்கா... அது எப்ப வரும்? சித்திரை வெயிலு இந்த இடுக்குக்குள்ள எறங்குமோ?"

திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அக்கா நம்பியல்லவா கேட்டார்.

"வரும்க்கா" என்றேன்.

வெட்கமாக இருக்கிறது. படத்தில் சொன்ன பொய்க்காவது அழகு என்று ஒரு சாக்கு இருந்தது. இதற்கு என்ன இருக்கிறது?

ரோட்டுப் பக்க அறையில் இப்போது கட்டில் கிடக்கிறது. அதைக் கிழக்கு அறைக்கு மாற்றி, மிஷினை அங்கே கொண்டுபோகலாம். சுவரோடு சேர்த்துக் கட்டிய துணி வெட்டும் மேடையைக் கொண்டுபோக முடியாது. எப்படியானாலும், சித்திரையிலும் வராது என்று முதலில் நான் சொல்லியாக வேண்டும்.

நேரில் சொல்லப் போனால் மறுபடியும் "வரும்க்கா" என்றுதான் சொல்வேன்; அதனால் இங்கே எழுதிய இதையே பிரிண்ட் எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் போகிறேன். அக்காவை வாசலுக்கு வரச்சொல்லித்தான் கையில் கொடுக்க வேண்டும்... அந்த அறையில் இருந்து வாசிக்க வெட்டம் போதாது.