மருந்து வாடை

டேங்க் ஆபரேட்டர் வேலையில் இரண்டே வகை நாட்கள்தான் உண்டு: தண்ணீர் வரவில்லை என்று திட்டு வாங்கும் நாள், தண்ணீர் வந்துவிட்டது என்று திட்டு வாங்கும் நாள். ரேஷன் கடையில் எடை போடுகிறவர்கள், டவுன் பஸ்ஸில் சில்லறைக்கு மல்லுக்கட்டுகிறவர்கள், கரண்ட் போனதும் ஊரே போன் போட்டுக் கத்துமே அந்த லைன்மேன்கள், நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் திட்டுகிற கட்சி, அவர்களும் படிக்கலாம்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். பூமிக்கடியில் ஊறுவது உப்புத் தண்ணீர். வாயில் வைக்க முடியாது. குடிப்பதற்கு ஆற்றுத் தண்ணீர் வெகு தூரத்திலிருந்து குழாய் வழியாக வந்து தரைத்தொட்டியில் விழும். அதை முப்பதாயிரம் லிட்டர் மேல்தொட்டிக்கு ஏற்றி, கிருமி சாக ப்ளீச்சிங் பவுடர் கலந்து, தெருத் தெருவாகத் திறந்துவிடுவது என் வேலை. பன்னிரண்டு வருஷமாகச் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு தொட்டி ஏணியில் முழங்கால் வலிக்க ஏறி இறங்குகிறேன். என் பெயர் ஊருக்கு மறந்துவிட்டது. "தொட்டிக்காரி வீடு" என்று கேட்டால் பக்கத்து ஊரிலேயே வழி சொல்வார்கள்.

எந்த மருந்து?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சியில் சொன்னதை வரி பிசகாமல் செய்வேன். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் வீதம் பவுடரை நிறுத்து, பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருந்து, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றினேன். கிருமி சாக அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் கீழே குடங்களோடு நின்றவர்கள், ஏன் இன்னும் திறக்கவில்லை என்று சத்தம் போட்டார்கள். "தண்ணியில மருந்து போட்டிருக்கேன், அரை மணி பொறுங்க" என்று மேலேயிருந்து கத்திச் சொன்னேன்.

அரை மணி கழித்து இறங்கி வந்து வால்வைத் திறந்தால் குழாயடியில் ஈ காக்கை இல்லை. எனக்கு விளங்கவே ஒரு நாள் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பருத்திக்கு அடிப்பது. ஒருவன் மருந்து குடித்துவிட்டான் என்றால் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு ஓடுவார்கள். நான் பிறந்து வளர்ந்த ஊர்தான், இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து பவுடர், பவுடர் என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். ஊர் மருந்தை விடவில்லை. பெரியப்பா முறையில் ஒருவர், பருத்திக்காட்டுக்காரர், அவர் மட்டும்தான் நேரில் வந்து சந்தேகத்தைக் கேட்டார்: "ஏத்தா, புழுவுக்குப் போடுற மருந்தா, மனுசனுக்குப் போடுற மருந்தா? எனக்கு ரெண்டுமே ஒத்துக்கிடாது."

திரிந்த பால்

எங்கள் ஊரின் கடைசித் தெரு மெயின் ரோட்டில் போய் முட்டும். அந்த முனையில் அண்ணாச்சியின் டீக்கடை. கடைக்குப் பின்னால் வீடு, இரண்டுக்கும் ஒரே குழாய். பந்தல்குடிப் பக்கம் லோடு ஏற்றிப் போகிற லாரிக்காரர்கள் அவர் கடையில் நிறுத்துவார்கள். டீ மட்டமாகிப் போனாலும், பாய்லர் மக்கர் செய்தாலும், வியாபாரம் படுத்தாலும் அண்ணாச்சிக்குக் காரணம் நான்தான். "லாரிக்காரன் ஒரு வாய் குடிச்சிட்டு, ஆஸ்பத்திரியில நிக்கிற மாதிரி இருக்குங்கிறான்" என்று வாரம் ஒரு முறை முறையிடுவார். முதல் நாளே அண்டாவில் பிடித்துத் துணி கட்டி வைத்தால் வாடை போய்விடும் என்றேன். நன்றாகக் கொதிக்க வைத்தாலும் போகும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மறுநாள் பால் திரிந்துவிட்டது. சித்திரை வெயிலில் உச்சிவேளை வரை வெளியே வைத்த பால், திரியாமல் என்ன செய்யும்? அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு தொட்டிக்கே வந்துவிட்டார். நான் ஏணி உச்சியில் இருந்தேன். கீழே நின்று கழுத்தை வளைத்துக் கத்தினார்: "பால்காரன் ஊத்துற தண்ணியில திரியாத பாலு, நீ விடுற தண்ணியில திரியுதுன்னா, அப்பிடி என்னத்தப் போடுறத்தா?"

கீழே எழுதுவது

மாதம் இரண்டு முறை தொட்டியை வடித்து, உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டித் தூணில் பெயின்டால் எழுத வேண்டும். ஒரு முறை முழங்கை தோல் உரியும் அளவுக்குத் தேய்த்துவிட்டு, தேதி எழுத மறந்துபோனேன். பார்வையிட வந்த அதிகாரி தூணில் பழைய தேதியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "மேல ஏறிப் பாருங்க சார், பளிச்சுன்னு இருக்கு" என்றேன். அவர் ஏணியை அடியிலிருந்து நுனி வரை ஒரு தரம் பார்த்தார். பிறகு கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சுத்தத்தை மொதல்ல கீழ எழுதும்மா. மேல இருக்கிறது யாருக்குத் தெரியப்போகுது?"

மஞ்சள்

போட்ட குளோரின் கடைசி வீடு வரை போய்ச் சேர்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக் குழலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, புட்டியிலிருந்து சில சொட்டு விட வேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். மஞ்சளானால் நிம்மதி, ஆகாவிட்டால்தான் பயப்பட வேண்டும். இதை நீங்கள் இரண்டு தரம் படித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊருக்கு இருநூறு தரம் சொல்லியும் ஏறவில்லை.

நடுத்தெருவில் ஒருநாள் சோதித்துக் காட்டினேன். "நல்லா இருந்த தண்ணிய இவ மஞ்சளாக்கிப்புட்டாளே, இதைக் குடிச்சா மஞ்சக்காமால வராம என்ன வரும்?" என்று ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரிக்கு நேர்மாறான புத்தி. மஞ்சள் என்றால் மங்கலம், கிருமியைக் கொல்லும், சின்ன வயதிலிருந்து பூசிக் குளிப்பதுதானே என்று அவள் வாதம். அந்தச் சொட்டு சோதிக்க மட்டும்தான், குடித்தால் ஆகாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குடத்தை என் முன்னால் நகர்த்தினாள்: "அவ கெடக்கா, எனக்கு ஒரு மூடி சேத்து ஊத்து. எங்க வீட்ல ஆறு பேரு."

நல்ல பெயர்

போன வருஷம் கோடையில் அண்ணாச்சியின் ஒரே மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். அண்ணாச்சி கால் தரையில் படாமல் அலைந்துகொண்டிருந்தார். ஒருநாள் கடைசித் தெரு வால்வைத் திறந்துவிட்டுப் போன என்னைக் கூப்பிட்டு, பெஞ்சில் உட்காரச் சொல்லி, டீயை நீட்டினார். "பத்து நாளா வாடையே இல்லத்தா. தண்ணி அமிர்தமா இருக்கு" என்றார். பதினோரு வருஷத்தில் அது முதல் பாராட்டு. பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பாதி டம்ளர் குடித்தபின்தான் பொறி தட்டியது. நான் பவுடரைக் குறைக்கவே இல்லையே.

பெட்டியை எடுத்து அவர் குழாயில் பிடித்துச் சொட்டு விட்டேன். வெள்ளை. இன்னொரு முறை, வெள்ளை. காலையில் நடுத்தெருவில் எலுமிச்சை நிறத்துக்கு வந்த அதே தண்ணீர். நடுவழியில் குளோரின் செலவாகிறது என்றால், நடுவழியில் அழுக்கு சேர்கிறது. அந்தத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டு, மாம்பழத்தால் வந்தது என்று நானும்தான் தலையாட்டியிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசல்படியில் செல்வி, கையில் ஒரு சொம்பு குழாய்த் தண்ணீர். கெட்ட தண்ணீரால் வருகிற காமாலை நிறைமாதக்காரியைப் பிடித்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பது கஷ்டம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஓடிப்போய்ச் சொம்பைப் பிடுங்கித் தெருவில் ஊற்றினேன். "கொதிக்க வச்சு ஆறின தண்ணியத் தவிர எதையும் தொடாதம்மா" என்றேன். செல்வி மிரண்டுபோய்த் தலையாட்டினாள். அண்ணாச்சியின் முகம் சிவந்துவிட்டது: "பதினோரு வருசத்துல ஒருநா உன்னைய நல்லவன்னு சொல்லிட்டேன். அது உனக்குப் பொறுக்கலையா?"

டீச்சக்கை

கடைசித் தெரு வால்வை மூடினேன். இரண்டு நாள் என் வீட்டுக்காரரின் லோடு ஆட்டோவில் நடுத்தெருவிலிருந்து குடங்களில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம். கொண்டுபோன தண்ணீரைப் பிடித்துக்கொண்டே திட்டினார்கள், அது வழக்கம்தான். என் சந்தேகமெல்லாம் மோட்டார் மேல். குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் கொட்டும். ஆனால் வழியில் எங்காவது இணைப்பு தளர்ந்திருந்தால், அந்த இடுக்கு வழியாக வெளி அழுக்கையும் சேர்த்து இழுத்துவிடும். அப்படி மாட்டவே கூடாது. வீடு வீடாகக் கேட்டேன். மோட்டாரா, எங்க வீட்லயா என்று எல்லோரும் கையை விரித்தார்கள். அண்ணாச்சி எல்லோருக்கும் முன்னால் விரித்தார்.

மூன்றாம் நாள் பிளம்பரைக் கூட்டிவந்து, டீக்கடை முன்னால், குழாய் சாக்கடையை ஒட்டிப் போகும் இடத்தில் தோண்டச் சொன்னேன். குழாய் இணைப்பு ஒன்று வாயைப் பிளந்துகொண்டு சாக்கடை ஈரத்தில் கிடந்தது. அதைக் கழற்றி வால்வைக் கொஞ்சம் திறந்ததும் கறுப்பாக ஒரு சேறு வந்து விழுந்தது. அதில் பழுப்பாக என்னவோ கிடந்தது. கையில் அள்ளிப் பார்த்தேன். டீத்தூள் சக்கை. தினமும் அந்தச் சாக்கடையில் டீச்சக்கை கொட்டுகிறவர் ஊரில் ஒருவர்தான். கையை அப்படியே அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் குனிந்து மோந்து பார்த்தார். உள்ளே போனார். விறகுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த அரை எச்.பி. மோட்டாரைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை: "மக வந்திருக்கா, தண்ணிக்குச் சிரமப்படக் கூடாதேன்னுதான்த்தா மாட்டுனேன். நான் கொட்டுன சக்கையத்தான் அவளுக்குக் குடிக்கக் குடுத்திருக்கேனா?"

இன்னொரு திட்டு

இணைப்பை மாற்றினோம். குழாயைத் திறந்துவிட்டு அலசினோம். கூடுதலாகப் பவுடர் போட்டு, கடைசி வீட்டில் மஞ்சள் வரும்வரை நான் அந்தத் தெருவை விட்டு நகரவில்லை. அதன்பிறகுதான் எனக்குப் பயம் கூடியது. காமாலை குடித்த மறுநாளே வருவதில்லை, வாரக்கணக்கில் ஒளிந்திருந்து வரும். தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போய்ச் செல்வியின் கண்ணைப் பார்த்துவிட்டு வருவேன். வாழ்க்கையிலேயே நான் மஞ்சளைக் கண்டு பயந்தது அந்த நாட்களில்தான். கண் வெள்ளையாகவே இருந்தது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் நலம் என்று போன் வந்தபோது நான் தொட்டிக்குள் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். தொட்டிக்குள் அழுதால் நாலு மடங்கு சத்தம் கேட்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன வாரம் செல்வி குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஏணிக்குக் கீழே சைக்கிள் மணி. அண்ணாச்சி ஒரு கையில் டம்ளரோடு அண்ணாந்து நின்றார். பிறகு பார்த்தால், பவுடர் மூட்டையின் வாயைக் கட்டாமல் விட்டதில் காரம் போயிருந்தது. தப்பு என்னுடையதுதான். அதெல்லாம் பிறகு. அப்போது அவர் போட்ட சத்தத்தில் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன: "ஏத்தா, இன்னைக்கு வாடையே இல்லையே, மருந்து போட்டியா, தூங்கிட்டியா? பேத்தி முழிக்கிறதுக்குள்ள கீழ எறங்கி வந்து மஞ்சளாக்கிக் காட்டு!"

ஆக, இந்த வேலையில் இரண்டே வகைத் திட்டுதான் என்று ஆரம்பத்தில் சொன்னதை மூன்று என்று திருத்திக்கொள்ளுங்கள், அந்த மூன்றாவதை வாங்கிக்கொண்டு இறங்கிய அன்றைக்கு மட்டும் எனக்கு முழங்கால் வலிக்கவில்லை.