முகம் மட்டும் போதும் என்றார்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மருந்து பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். எலிக்காய்ச்சல் முற்றி என் அக்கா பவானி போய்விட்டார் என்றார்கள். மிஷின் நிற்கவில்லை. இன்னும் நாலு பாட்டிலுக்கு மூடி போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா இந்தப் பக்கத்து கேபிள் டிவியில் செய்தியாளராகச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. முதல் செய்தி, திருவேற்காட்டில் குடிதண்ணீர் வராத ஒரு தெரு. அன்று சாயங்காலம் நூம்பலில் எங்கள் தெருவே எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. டிவியில் அக்கா வாய் அசைந்தது. கேட்டது வேறு பெண்ணின் குரல். எதிர்வீட்டு மணி அண்ணன், "இன்னாமே, உனுக்கு டப்பிங்கா? ஈரோயினி ஆயிட்ட" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும்தான். அப்புறம் குளிக்கப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

முகம் நன்றாக இருக்கிறது, பேச்சுதான் ஏரியாப் பேச்சு, முகம் மட்டும் போதும் என்று செய்தி ஆசிரியர் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அக்கா வீட்டிலும் புத்தகத் தமிழில் பேசிப் பழகினார். "குழம்பில் உப்பு குறைவாக உள்ளது" என்பார். நான் கிண்டல் செய்தால் பழைய பேச்சு வந்துவிடும். "சிரிடீ. லைவுல வேற ஆளு கொரலு போட முடியாது. அன்னிக்கி நான்தான் பேசுவேன், பாத்துகினே இரு."

மழை வந்தால் லைவ் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளம் வந்ததும் அதை நம்பி இடுப்பளவு தண்ணீரில் அரை நாள் நின்றார். கடைசியில் பேசுவதற்கு ஆபீசிலிருந்து வேறு பெண் வந்தாள். அக்கா அவளுக்குக் குடை பிடித்தார். பத்தாம் நாள் காய்ச்சல்.

அவரை வீட்டில் கிடத்தியிருந்தபோதே டிவியில் அஞ்சலி ஓடியது. அதிலும் அந்த டப்பிங் பெண்ணின் குரல்தான். ஆசிரியருக்குப் போன் செய்தேன். தண்ணீரில் நின்று அக்கா பேசிப் பார்த்து எனக்கு அனுப்பிய வீடியோ என் போனில் இருக்கிறது, அதைப் போடுங்கள் சார் என்று கேட்டேன்.

"வேணாம்மா. அந்தப் பேச்சைப் போட்டா அவங்களுக்குத்தான் மரியாதை இல்ல."

அதில் அக்கா பேசுவது இவ்வளவுதான்: "ஊட்டுக்குள்ள தண்ணி வந்துகினே கீது, இன்னும் ஒர்த்தரும் வந்து பாக்கல." இதில் யாருக்கு என்ன புரியவில்லை?

தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டித்தான் அக்காவைத் தூக்கினார்கள். அந்த வாய்க்கட்டைச் சுடுகாட்டில் அவிழ்ப்பார்களாம். பொம்பளைகள் அங்கே வரக்கூடாது என்று என்னைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். அவிழ்த்தபோது நான் பக்கத்தில் இல்லை.

போய் வா, அக்கா.