மண்டபத்துக் குரல்

பழைய நகரத்துப் பூங்காவில் அவர் காவலாளி. பொழுது சாயும்போது, "கேட்டைப் பூட்டப் போறேன், வெளிய வாங்க!" என்று சத்தம் போடுவார். அந்தக் காலத்தில் பேண்டு வாசித்த மண்டபத்திலிருந்து, "இதோ வந்துட்டேன்" என்று ஒரு பெண்குரல் கேட்கும். போய்ப் பார்த்தால் ஈ காக்கை இருக்காது. முதலில் குலைநடுங்கியவர், போகப்போக, "மெதுவா வாங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பூட்டப் பழகிக்கொண்டார்.

ஒருமுறை காய்ச்சலில் வீட்டோடு படுத்துவிட்டார். அந்திநேரத்தில் வாசலுக்குப் போய்வந்த மனைவி, "என்னங்க, யாரோ ஒரு அம்மா 'வந்துட்டேன்'னு குரல் கொடுத்தாங்க. கதவைத் திறந்தா ஆளையே காணோம்" என்றாள்.

அவர் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "நீ என்ன சொன்ன?"

"உள்ள வாங்கன்னு சொன்னேன்."

மறுநாள் காய்ச்சலோடு போய், கேட்டருகே நின்று சத்தம் போட்டார். மண்டபத்திலிருந்து பதிலே இல்லை. வீட்டுக்குத் திரும்ப அவருக்குக் கால் வரவில்லை.