சாமத்திய வீட்டுக் காசு

எனக்கென்று காசு இருக்கிறது என்பதை ஒரு வங்கிக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். கார்ல்ஸ்ரூஹேயில் இயந்திரப் பொறியியல் படிக்க இடம் கிடைத்த கோடை அது. மாணவர் கணக்கு ஒன்று திறக்க, பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த வங்கிக்குப் போயிருந்தேன். அவர் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு சேமிப்புப் புத்தகம் இருக்கிறதே" என்று தொகையையும் சொன்னார். வேறு யாருடைய கணக்கையோ பார்க்கிறார் என்று நினைத்து, என் பெயரை எழுத்தெழுத்தாக இன்னொரு முறை சொன்னேன். எங்கள் பெயர்களின் நீளத்துக்கு அதில் பிழை விடவே முடியாது. அது என்னுடையதுதான்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் இங்கே எல்லோரும் பாஃபொக் என்று சொல்லும் அரசாங்கப் படிப்புதவிக்கு விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தேன். உன்னிடம் சொத்து, சேமிப்பு ஏதும் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று கோடு இழுத்திருந்தேன். அதற்கு முன் அம்மாவிடம் கேட்டும் இருந்தேன். "உனக்கேது சொத்து? நீதான் எங்கட சொத்து" என்று சிரித்தார்.

அந்த உதவியின் கணக்கு எனக்கு அப்போதே மனப்பாடம். ஒரு மாணவிக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்பதைச் சட்டம் தானே தீர்மானித்து வைத்திருந்தது. சாப்பாடு, உடுப்பு, புத்தகத்துக்கு ஒரு பங்கு, அறை வாடகைக்கு இன்னொரு பங்கு. அறைக்காரர் முதலில் வாங்கிக்கொள்ளும் முற்பணத்துக்கு மட்டும் அதில் இடமே இல்லை. எந்த அதிகாரியும் அறை தேடி அலைந்திருக்க மாட்டார் போலும். அந்த மொத்தத்திலிருந்து தாய் தகப்பன் கொடுக்கக்கூடியதைக் கழிப்பார்கள். பிறகு மாணவியின் சொந்தச் சேமிப்பில் ஓரளவை விட்டுவிட்டு மிச்சத்தைக் கழிப்பார்கள். மீதிதான் உதவி. அதில் பாதி இனாம், பாதி வட்டியில்லாக் கடன். அப்பா உணவகச் சமையலறையில் வேலை, அம்மா அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை, எனக்குக் கீழே இரண்டு தம்பிமார். ஆகவே முழு உதவியும் வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு, கார்ல்ஸ்ரூஹேயில் அறைக்கும் சொல்லி வைத்திருந்தேன். அறையின் முற்பணத்தை அப்பா யாரிடமோ கைமாற்றாக வாங்கித் தந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"அது உன்ர காசில்லை. ஊராக்கள்ர காசு."

"என்ர பேரில எல்லோ கிடக்கு."

"உன்ர சாமத்திய வீட்டில வந்த என்வலப். திருப்பிக் குடுக்கிற காசு. உனக்கும் அதுக்கும் என்ன?"

பன்னிரண்டு வயதில் நான் பெரிசானபோது மண்டபம் எடுத்துச் சடங்கு செய்தார்கள். பூ மாலையும் கனத்த சேலையுமாக நான் சிம்மாசனத்தில் இருந்து வேர்த்துக் கொட்ட, ஊர்ச்சனம் வரிசையில் வந்து என்வலப்பைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனது. அத்தனையையும் அம்மா ஒரு கொப்பியில் பெயர் பெயராக எழுதினார். மண்டபக் கடன் தீர்ந்து மிஞ்சியதை என் பெயரில் வங்கியில் போட்டார். அவரவர் வீட்டில் பிள்ளை பெரிசானாலோ கலியாணம் நடந்தாலோ அதிலிருந்து எடுத்து, வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுப்பார். குறைந்த சம்பளத்திலும் அந்தப் புத்தகத்தை வற்றவிட்டதில்லை. அது எங்கள் மரியாதை வைத்திருக்கும் இடம். கொப்பியில் முதல் பெயர் எங்கள் தெருமுனையில் தமிழ்க்கடை வைத்திருந்த அன்ரியுடையது. மிகத் தடித்த என்வலப் அவருடையது.

"எழுதாமல் விடு. ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார் அம்மா.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கச் சொல்லுறியே?" என்று அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து கேட்டார். அகதி முகாமில் எத்தனையோ வருடம் பத்திரங்களுக்காகக் காத்திருந்தவர் அவர். ஜெர்மன் காகிதத்தில் பொய் எழுதுவது அவருக்கு நினைக்கவே ஏலாத காரியம். நான் கோட்டை வெட்டிவிட்டுத் தொகையை எழுதினேன். கோபத்தில் பேனை தாளைக் கிழித்தது.

விண்ணப்பம் போனதும், கார்ல்ஸ்ரூஹே பாஃபொக் அலுவலகத்தின் பெண் அதிகாரி ஒருவர் அந்தத் தொகைக்கு விளக்கம் சொல்ல நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மின் தந்தார். நான் இருக்கப்போகும் அறையைப் பார்க்கும் சாட்டில் அம்மாவும் ரயிலேறினார். உண்மைக் காரணம் வேறு. "அவவோட நான் கதைக்கிறன். அவவும் ஒரு பொம்பிளைதானே, விளங்கும்." கொப்பியை ஒரு துணிப்பையில் போட்டு மடியிலேயே வைத்திருந்தார்.

அந்த அதிகாரி எங்களை இருக்கச் சொல்லி, அம்மா பேசப் பேச நான் மொழிபெயர்த்ததை முழுவதும் கேட்டார். அதற்கே நான் அவருக்கு இன்றுவரை நன்றியுடையவள். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"இது உங்களுக்குத் தந்த அன்பளிப்பா, அல்லது கடனா?"

அம்மா யோசித்தார். "அன்பளிப்புத்தான். ஆனா திருப்பிக் குடுக்க வேணும்."

"எப்போது?"

"அவையின்ர பிள்ளை பெரிசாகேக்க."

"அவர்களுக்குப் பெண்பிள்ளை இல்லையென்றால்?"

"கலியாணத்துக்கு. இல்லாட்டி வீடு குடிபூரேக்க."

"கொடுக்காவிட்டால் வழக்குப் போடுவார்களா?"

"சீச்சீ. அப்பிடி ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"அப்படியானால் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?"

"நாங்கள் ஆக்களில்லை எண்டு ஆகும்" என்றார் அம்மா.

இதை எப்படி ஜெர்மனில் சொல்வது என்று திணறி, "மிகவும் வெட்கமாகிவிடும்" என்றேன். அதிகாரி சிரிக்கவில்லை. யாரும் கேட்க முடியாத கடனைச் சட்டம் கடன் என்று சொல்லாது, ஆகவே அது மகளின் சேமிப்புத்தான் என்றார். அம்மா என் பக்கம் குனிந்து, "அப்ப நான் நாளைக்கே எடுத்து என்ர கணக்கில போடுறன் எண்டு சொல்லு" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காசை இடம் மாற்றலாமா என்று கேட்கிறாரா? எல்லா அம்மாமாரும் கேட்பார்கள். மாற்றினாலும் அதை உங்களுடையது என்றுதான் கணக்கிடுவோம்" என்றார்.

பிறகு ஒரு வெற்றுத்தாளை எடுத்து எனக்காகவே எழுதிக் காட்டினார். சேமிப்பில் விட்டுவைக்கும் அளவுக்கு மேலே உள்ளதை முதல் வருடத்து மாதங்களுக்குப் பங்கிட்டுக் கழிப்போம். ஆகவே முதல் வருடம் உதவி மிகச் சிறியது. அந்த வருடம் இந்தக் காசில் வாழுங்கள். அடுத்த வருடம் புத்தகத்தில் மிஞ்சியதைக் காட்டித் திரும்ப விண்ணப்பியுங்கள், அப்போது முழுதும் கிடைக்கும். எழுந்து கை கொடுக்கும்போது அம்மாவிடம், "உங்கள் மகளுக்கு நல்லபடி சேர்த்து வைத்திருக்கிறீர்கள்" என்றார். அம்மாவுக்கு அதை மொழிபெயர்த்தபோது அவர் முகம் இன்னும் வாடியது.

வெளியே ட்ராம் நிறுத்தத்தில் நின்றோம். விசயம் இருவருக்கும் விளங்கியிருந்தது. பேர்லினில் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்றைப் படித்தால் அந்தக் காசைத் தொடாமலே சமாளிக்கலாம். இங்கே வந்தால் ஊரார் தந்ததை நான் சாப்பாடும் வாடகையுமாகச் செலவழிக்க, அம்மா வெறுங்கையோடு மண்டபங்களுக்குப் போக வேண்டும். இங்கேதான் படிப்பேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். ஆனால் அழுகை வந்துவிட்டது.

ஒரு ட்ராம் வந்து போனது. அம்மா ஏறவில்லை.

"தனிய இருப்பியோ?"

"ஓம்."

"சமைச்சுச் சாப்பிடுவியோ?"

"ஓம்."

"அப்ப எடு" என்றார். "ஊராக்களுக்கு நான் முகம் குடுக்கிறன்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த உதவித்தொகைகளில் அதைவிடப் பெரியது கிடையாது. அதை அப்போது அம்மாவிடம் சொல்லத் தெரியவில்லை. அவருடைய துணிப்பையை மட்டும் வாங்கி நான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வருடம் முழுவதும் நான் சாமத்திய வீட்டில்தான் சாப்பிட்டேன். அரிசி மூட்டை, வாடகை, கணிதப் புத்தகம், காலுக்குக் குளிர் ஏறாத சப்பாத்து எல்லாமே ஒவ்வொருவருடைய என்வலப். என்னோடு படித்த ஒருத்தி உன் செலவுக்கு யார் தருகிறார்கள் என்று கேட்டபோது, "ஒரு இருநூறு பேர்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

ஆனால் சோதனை தள்ளி நிற்கவில்லை. அந்தக் குளிர்காலமே தமிழ்க்கடை அன்ரியின் மகள் பெரிசானாள். நான் வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா காய்ச்சல் என்று படுத்துவிட்டார். நெற்றி சுடவில்லை. "போகாமல் விட்டால்தான் பெரிய வெட்கம்" என்று அப்பா சொல்ல, கடைசியில் எழும்பிச் சேலை கட்டினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை என்வலப்பில் வைத்தார். வாங்கியதில் கால்வாசியும் வராது. மேலே தன் பெயரை வழமையைவிடச் சின்ன எழுத்தில் எழுதினார்.

மண்டபத்தில் அந்தப் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்கும்போது அம்மா படத்துக்குச் சிரித்தார். பிறகு அன்ரியை ஒரு தூணுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"பிள்ளை, குறையத்தான் வைச்சிருக்கிறன். உன்ர காசு என்ர மகளின்ர படிப்புக்குப் போட்டுது. ஆறுதலாத் தாறன்."

"என்ன கதை கதைக்கிறியள் அக்கா? போய்ச் சாப்பிடுங்கோ" என்றார் அன்ரி. அவ்வளவுதான். அவருக்கு நூறு வேலை.

புறப்படும்போது வழமைபோல எல்லோருக்கும் பலகாரப் பை தந்தார்கள். வீட்டில் பிரித்தபோது முறுக்குக்கும் பயத்தம் பணியாரத்துக்கும் நடுவில் எங்கள் என்வலப் ஒட்டியது ஒட்டியபடி கிடந்தது. அம்மாவின் பெயருக்குக் கீழே குமிழ்முனைப் பேனையால் ஒரு வரி இருந்தது. "படிக்கிற பிள்ளைக்கு."

அம்மா அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "இனி இதையும் எல்லோ எழுத வேணும்" என்று எரிச்சலோடு கொப்பியை எடுத்தார். பெயரை எழுதினார். தொகை எழுதும் இடத்தில் பேனை நின்றது.

"நாங்கள் குடுத்ததையே திருப்பித் தந்தால் எவ்வளவு எண்டு எழுதுறது?"

அப்பாவுக்கும் தெரியவில்லை. இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை. கடைசியில் அம்மா அந்த இடத்தில் "படிப்பு" என்று எழுதிக் கொப்பியை மூடினார்.

அடுத்த வருடம் அதிகாரி சொன்னபடியே முழு உதவியும் வந்தது. படித்து முடித்து வேலைக்குப் போனபின் அரசாங்கம் தன் கடன் பாதியைக் கேட்டுக் கடிதம் போட்டது, கட்டி முடித்தேன். நல்ல நாடு, தந்ததையும் மறக்கவில்லை, கேட்கவும் மறக்கவில்லை. ஊராக்களின் காசைக் கேட்டு ஒரு கடிதமும் வரவில்லை. சம்பளம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து மண்டபம் மண்டபமாகப் போய் என்வலப் வைக்கிறேன், கொப்பியில் ஒவ்வொரு பெயராக அம்மா வெட்டிக்கொண்டு வந்தார். அன்ரியின் பெயரில் பழைய தொகையையும் அவருடைய மூத்தவனின் கலியாணத்தில் தீர்த்தோம். "படிப்பு" என்ற அந்த ஒரு வரி மட்டும் நின்றது.

நான் வேலைக்குப் போன இரண்டாம் வருடம் ஒரு நாள் அம்மா என் வேலை நேரத்தில் தொலைபேசி எடுத்தார். அன்ரியின் மகளுக்குத் தெற்கே கார்ஹிங் என்ற ஊரில் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம். பாஃபொக் வருமாம், ஆனால் அறைக்கு முற்பணம் கேட்கிறார்களாம், கடையும் முன்னைப்போல ஓடவில்லையாம்.

"அறைக்காரன்ர கணக்கு நம்பர் கேட்டு அனுப்புங்கோ அம்மா" என்றேன்.

அன்றே கட்டினேன். இரவு அம்மா மறுபடி எடுத்தார். நன்றியும் சொல்லவில்லை, சுகமும் கேட்கவில்லை.

"கொஞ்சம் கூடப் போட்டனியோ?"

"ஓம் அம்மா. முதல் மாத வாடகையும் சேர்த்துத்தான்."

"அப்ப சரி" என்றார். பேனையைத் தேடி அவர் மேசை லாச்சியை இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.