ஆண்டவரிடம் சாராயம் கேட்டவள்

நான் ஆண்டவரிடம் சாராயம் கேட்டு மன்றாடியவள். முழங்காலில் நின்று, அழுது, ஒரு போத்தல் தாரும் என்று கேட்டேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளியுங்கள், எனக்குக் கோபமில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

என் பெயர் ஞானம்மா. பாலையூற்றில் இருக்கிறோம். என் மனுசன் செல்லத்துரை துறைமுகத்தில் கப்பல்களுக்கு வர்ணத் தீந்தை பூசுகிறவர். கப்பலின் பக்கவாட்டில் கயிற்றில் தொங்குகிற பலகையில் இருந்துகொண்டு, முதலில் துருவைச் சுரண்ட வேண்டும், பிறகு பூச வேண்டும். கை நடுங்குகிறவனுக்கு அந்த வேலை சரிவராது. உலக யுத்தம் தொடங்கியதும் துறைமுகம் கப்பல்களால் நிறைந்தது. வேலையும் கூடியது, இவருடைய குடியும் கூடியது.

அவர் அடிக்கிற மனிதர் இல்லை. அதைச் சொல்லித்தான் என்னை ஆறுதல்படுத்துவார்கள். அடிக்காவிட்டால் போதுமா? எங்கள் மகள் ரூத் அப்போது ஐந்து வயதுப் பிள்ளை. வேலிப் படலையில் அவருடைய காலடி தட்டுப்படுகிற விதத்தை வைத்தே, பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக் குசினிக்குப் போய்விடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருநாள் குடிவெறியில் பலகையிலிருந்து கடலுக்குள் விழுந்தார். தூக்கி எடுத்தவர்கள் தூரிகையை வாங்கிக்கொண்டு, பீப்பாய் உருட்டுகிற வேலைக்கு விட்டார்கள். அன்று அழுது, வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு என்று அயலட்டையில் சொன்னார்கள். எனக்குச் சண்டை பிடிக்க முகமில்லை, ஏனென்றால் விடிந்ததும் போய்விட்டது.

நான் ஜெபிக்காத நாளில்லை. சபைக் கோயிலைக் கூட்டித் துடைப்பதும், மேசைத் துணிகளைத் துவைப்பதும் என் பொறுப்பு. கூட்டிக்கொண்டே ஜெபிப்பேன். வீட்டுக்கு வந்தால் அவர் விறாந்தையில் கிடப்பார்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பில் எதிரி விமானக்காரர் குண்டு போட்டார்கள். அந்த வியாழன் காலையில் எங்கள் துறைமுகத்துக்கு வந்தார்கள். அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி எரிந்து வானம் கறுத்தது. ஊர் முழுக்கக் கிளம்பி ஓடியது. நாங்களும் பிள்ளையையும் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு கன்னியாப் பக்கம் போய், வயல் காவலுக்குக் கட்டிய வெறும் குடிலில் ஒதுங்கினோம். பக்கத்துக் குடிலில் சல்லியிலிருந்து வந்த வேலாயுதம் அண்ணனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர்கள் கரைவலை இழுத்து மீன் பிடிக்கிறவர்கள்.

அங்கே குடி இல்லை. எனக்கு உள்ளூரச் சந்தோசம், இப்படியாவது நிற்கட்டும் என்று. என்ன பேதைமை!

அடுத்த நாள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, பிறகு தாடை நடுங்கியது. சோறு தங்கவில்லை. மூன்றாம் நாள் என்னை யார் என்று கேட்டார். குடிலின் மண்சுவரைக் கப்பல் என்று நினைத்துத் துருச் சுரண்டத் தொடங்கினார். நகத்தால் சுரண்டினார். இரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. "கெதியாச் சுரண்டு, கெதியாச் சுரண்டு" என்று தன்னைத் தானே அவசரப்படுத்தினார். பிள்ளை என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வேலாயுதம் அண்ணன் ஓடிவந்து அவரைப் பிடித்துப் படுக்க வைத்தார். பழகின உடம்புக்குச் சாராயம் திடீரென்று நின்றால் உயிர் போகும், தன் சிற்றப்பன் அப்படித்தான் போனார் என்று மெதுவாகச் சொன்னார்.

வைத்தியரும் இல்லை, மருந்தும் இல்லை. ஊரில் இருந்த வைத்தியர்கள் எல்லாரும் எங்களைப் போல் காட்டுக்குள் இருந்தார்கள். இத்தனை வருடம் குடி நிற்க வேண்டும் என்று கேட்ட நான், அந்த மண் நிலத்தில் முழங்காலில் விழுந்து, ஒரு போத்தல் சாராயம் காட்டும் என்று கேட்டேன். வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டேன். இவர் குடிகாரனாகவாவது உயிரோடு இருக்கட்டும் என்று கேட்டேன்.

வேலாயுதம் அண்ணன் சொன்னார்: "நீ ஊருக்குள்ளை போய்த் தேடிக்கொண்டு வா தங்கச்சி. நான் இவரைப் பிடிச்சிருக்கிறன். நீ உன்ர ஆண்டவரைக் கேள், நான் என்ர காளியம்மாளைக் கேக்கிறன்."

பிள்ளையை அவர் பெண்சாதியிடம் விட்டுவிட்டு விடியவே நடந்தேன். ஊருக்குள் ஆள் இல்லை. சாராயத் தவறணைக் கதவில் இரும்புச் சட்டம் போட்டிருந்தது. களவாக விற்கிற வீடு ஒன்று எனக்குத் தெரியும், தெரியாமல் இருக்குமா? அங்கே ஒரு நாய் மட்டும் நின்றது. தெருவில் வைத்து ஒரு சிப்பாய் திரும்பிப் போ என்று என்னைக் கலைத்தான். அழுதுகொண்டே கோயிலுக்குப் போனேன். கதவுத் திறப்புக் கொத்து என் இடுப்பில்தான் கிடந்தது.

நான் பிறந்தது கத்தோலிக்க வீடு. கலியாணத்தோடு இந்தச் சபைக்கு வந்தவள். பூசையில் சுவாமியார் அருந்துவது உண்மையான வைன் என்று சின்ன வயதிலேயே தெரியும். இங்கே நற்கருணைக்குத் தருகிற மிடறும் அதுதான் என்று நினைத்திருந்தேன். உயிர்த்த ஞாயிறு ஆராதனைக்கு எடுத்ததில் மீதி, அலுமாரிக்குள் ஒரு போத்தல் இருந்தது. போதகர் ஊரை விட்டுப் போகும்போது, சனத்துக்கு எது தேவையோ எடுத்துக் கொடு ஞானம் என்று சொல்லியிருந்தார். இதற்காகச் சொல்லியிருக்க மாட்டார். அலுமாரிக்கு முன்னால் நின்று, "கோபமெண்டா என்னோட வையும் ஆண்டவரே, அவரை விட்டுவிடும்" என்று சொல்லி எடுத்தேன்.

திரும்பும் வழியில் அபாயச் சங்கு ஊதியது. தெருவோர வடிகால் கானுக்குள் குப்புற விழுந்து, போத்தலை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு கிடந்தேன். விமானம் வந்ததா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. நான் தலை தூக்கவில்லை.

குடிலுக்கு வந்தபோது அவர் கொஞ்சம் தெளிந்திருந்தார். கறுப்பாக, சீனிப்பாணி போலத் தடிப்பாக இருந்ததைச் சிரட்டையில் ஊற்றி, தண்ணீர் கலந்து வாயில் வைத்தேன். ஒரு மிடறு விழுங்கினார். என்னை நெடுநேரம் பார்த்தார்.

"எங்கை எடுத்தனி?"

"கோயிலிலை."

"பாதை எப்பிடி?"

சங்கு ஊதினதையும் கானுக்குள் கிடந்ததையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, மற்ற மிடறுக்கு வாயைத் திறந்தார்.

அன்றிரவு வலிப்பு வந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்கு ஏலாது. இரண்டு வீட்டுச் சனமும் அவரைப் பிடித்தபடி, தங்கள் தங்கள் தெய்வத்தைக் கூப்பிட்டோம். விடிந்தபோது தூங்கினார். பிறகு வந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொடுத்தேன். போத்தல் முடிந்த அன்று, இனி எங்கே கிடைக்கும் என்று தெரியாமலே திரும்பவும் ஊருக்குள் போகக் கிளம்பினேன். அவரே சொன்னார்: "போதும் ஞானம். இனி ஒண்டும் தேடிப் போகாதை."

அன்றோடு விட்டார். உடனே எல்லாம் நல்லதாகிவிட்டது என்று சொன்னால் பொய். பல மாதம் சிடுசிடுப்பு, தூக்கமில்லாமை. பிறகு மெல்ல மெல்ல ஒரு மனிதர் வெளியே வந்தார். காலையில் பசிக்குது என்று சொன்னார், அதை நான் வருடக் கணக்காகக் கேட்டதில்லை. முகத்தில் வீக்கம் வடிந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டு வளவில் மரவள்ளி நட்டார். அரிசி இல்லாத அந்த நாட்களில் எங்களுக்கும் அயலுக்கும் அது உதவியது. துறைமுகத்தில் கையை நீட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தூரிகையைத் திரும்பக் கொடுத்தார்கள். ஒருநாள் மாலை படலைச் சத்தம் கேட்டது. ரூத் பாயைச் சுருட்டவில்லை. அதன் மேலேயே இருந்துகொண்டு, "அப்பா, இஞ்சை வாங்கோ" என்றாள். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

எனக்கு ஒரு பயம் மட்டும் விடவில்லை. நற்கருணை நாளில் அவரைக் கடைசி வரிசை வாங்கில் இருத்தி, சட்டையைப் பிடித்துக்கொள்வேன். அந்த ஒரு மிடறு பழைய பேயை எழுப்பிவிடும் என்று பயம். அவரும் சின்னப் பிள்ளை மாதிரி இருந்துவிடுவார்.

இந்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்குப் போதகரின் மனைவி, எங்கள் போதகரம்மாவுக்குச் சுகமில்லை. நற்கருணைச் சாற்றை நீ காய்ச்சு என்று என்னைக் கூப்பிட்டார். காய்ந்த திராட்சையை அவித்துப் பிழிந்து, சீனி போட்டு வற்ற விட்டேன். எப்போது சாராயம் ஊற்றுவது என்று கேட்டேன். போதகரம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். எங்கள் சபையில் ஒரு நாளும் வெறிப்பானம் சேர்ப்பதில்லையாம். நான் அன்று எடுத்துப் போனதும் அவர் இப்படிக் காய்ச்சியதுதானாம்.

எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. நான் கேட்டது என்ன, அவர் தந்தது என்ன! என் மனுசன் செத்திருந்தால்? வீட்டுக்கு ஓடிவந்து, மரவள்ளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவரிடம் விசயத்தைச் சொன்னேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"முதல் மிடறிலை. குடிகாரன்ர நாக்கை ஏமாத்த ஏலுமே?"

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

ஈரக் கையைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "இது வைன் இல்லை எண்டு சொல்லியிருந்தா, நீ திரும்பவும் அந்தப் பாதையாலை போயிருப்பாய். உன்ர சேலையெல்லாம் கான் சேறு. நான் செத்தாலும் பரவாயில்லை, நீ போகக் கூடாது எண்டு நினைச்சன். பிறகு சொல்லவும் மனம் வரேல்லை. நீ அவ்வளவு நம்பிக்கொண்டிருந்தாய்."

வளவிலேயே முழங்காலில் விழுந்தேன். இரண்டு வருடமாக அந்தப் போத்தல்தான் காப்பாற்றியது என்று நினைத்திருந்தேனே! என்னை நினைக்காமல் தவறணைக்குப் போன மனிதரை, சாகிற நேரத்தில் என்னை நினைக்க வைத்தது யார்?

அந்த ஞாயிறு அவர் சட்டையை நான் பிடிக்கவில்லை. இருவரும் முன்னால் போய் முழங்கால் படியிட்டோம். நான் காய்ச்சிய சாறு. கிண்ணத்தை அவர் கையில் வாங்கியபோது பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

சகோதரிமாரே, இன்னும் யுத்தம் முடியவில்லை. உங்களில் சில பேருடைய வீட்டு யுத்தமும் முடியவில்லை என்று எனக்குத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆஸ்பத்திரி திறந்திருந்தால் முதலில் அங்கே கொண்டு போங்கள். எங்களுக்கு அன்று அதுவும் இல்லை. பக்கத்து வீட்டாரிடம் வெட்கப்படாமல் உதவி கேளுங்கள். ஆண்டவரிடமும் கேளுங்கள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் பிழையாகவாவது கேளுங்கள். நான் சாராயம் கேட்டேன். அவர் என் மனுசனைத் தந்தார்.