சீட்டு வாங்கிப் பார்த்த பசு

ஈப்போவின் அந்தச் சின்ன விலங்குப் பூங்கா மூடப்போகிறது என்பதை நாங்கள் அறிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்திரைப் பிறப்புக்கு முந்திய வாரம். சீட்டு விற்கும் அறையின் கண்ணாடியில் மலாயில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அப்பாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. நான் படித்துச் சொன்னேன்.

"அப்ப செவலை?" என்றார்.

அறிவிப்பில் அதைப் பற்றி இல்லை. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.

செவலை எங்கள் பசு. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் பிறந்தது. தீபாவளி கழிந்த செவ்வாய்க்கிழமை விடியலில், மழையில். இப்படி நாள் கிழமைகளை நினைவில் வைத்துக்கொள்வது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். மற்றவர்கள் முகங்களை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

தோட்டம் வீட்டுமனைகளுக்காக விற்கப்பட்டபோது எங்களுக்கு ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வீடு கிடைத்தது, மூன்றாவது மாடியில். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய தையல் இயந்திரம், அலமாரி, சாமிப் படங்கள், ஆட்டுக்கல் எல்லாம் படியேறின. பசுவைத்தான் ஏற்ற முடியவில்லை.

பூங்காவில் சிறுவர் மூலை என்று ஓர் இடம் இருந்தது. ஆடு, முயல், வாத்து வைத்திருந்தார்கள். பால் எங்கிருந்து வருகிறது என்று நகரத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பசுவும் தேவைப்பட்டது. அங்கே விலங்குகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து ஊரான செமோரைச் சேர்ந்தவர். எங்கள் தோட்டத்தில் பெண் எடுத்தவர். அவர் வந்து கேட்டார். அப்பா சரி என்றார். மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த வியாழக்கிழமை லோரி வந்தது.

அப்பா பசுவைக் கொடுத்தார், கயிற்றைக் கொடுக்கவில்லை. மாடு கைமாறும்போது கயிற்றை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். கயிறும் சேர்ந்து போனால் அந்த வீட்டில் பிறகு மாடு தங்காது என்பார்கள். பூங்காக்காரர்கள் கொண்டுவந்த நீல நைலான் கயிறு செவலையின் கழுத்தில் ஏறியது. பழைய கயிறு எங்களோடு மாடி ஏறி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. மூன்றாவது மாடியில் எந்த மாடு வந்து தங்கப்போகிறது என்று நான் கேட்கவில்லை.

அந்த நாள்களில் துக்கம் என்று ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன். நான் படித்த புத்தகங்களில் அப்படித்தான் வரும். எனக்கு வரவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். அப்பாவுக்கும் அதுவே என்று நினைக்கிறேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஞாயிறுதோறும் பூங்காவுக்குப் போனோம். சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருந்தது அது. ஒரு சுற்று நடந்தால் எல்லாக் கூண்டுகளையும் பார்த்துவிடலாம். நுழைந்ததும் அசையாத ஒரு முதலை. பிறகு உடும்பு, மரநாய், சருகுமான், முள்ளம்பன்றி, மான்கள். பாதிக்கு மேல் எங்கள் தோட்டத்துக்குள் தானாகவே வந்துபோன விலங்குகள்தான். முள்ளம்பன்றிக் கூண்டின் முன்னால் ஒரு முறை இரண்டு ஆண்கள் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள்.

"மச்சான், இத நாம கறி வச்சுச் சாப்பிட்டோமே, ஞாபகம் இருக்கா?"

"மெதுவா பேசு லா. அதுக்குக் காது கேக்கும்."

அப்பா எதன் முன்னாலும் நிற்காமல் நேராகச் சிறுவர் மூலைக்குப் போவார். வேலிக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தீனி போடக் கூடாது என்று எழுதியிருந்ததால் ஒன்றும் கொண்டுவர மாட்டார். வேலிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதல் நாளே கேட்டார்.

"மாடு. பூர்வீகம் இந்தியான்னு போட்டிருக்கு."

"யாரு, இவளா? இவ நம்ம வீட்டுக்குப் பின்னால பொறந்தவ."

அந்தப் பலகையைத் திருத்த முடியுமா என்று செமோர்க்காரரிடம் கேட்டேன். பிறந்த ஊர், கிழமை எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். அவர் சிரித்தார். "அக்கா, அது எல்லா மாட்டுக்கும் ஒரே போர்டு. உங்க மாட்டுக்குன்னு தனியா சூராட் பெரானாக்கா எழுதுவாங்க?" பிறப்புச் சான்றிதழைத்தான் மலாயில் அப்படிக் கேலியாகச் சொன்னார்.

அப்பாவையும் அவர் விடவில்லை. "அண்ணே, ஒங்க மாட்டப் பாக்க நீங்களே டிக்கெட் எடுக்கிறீங்களே. பின் கேட்டால வாங்க லா."

"குடுத்தது குடுத்ததுதான், தம்பி."

செவலைக்கு அப்பாவை அடையாளம் தெரிந்ததா என்று என் அலுவலகத்தில் சிலர் கேட்டதுண்டு. முதல் சில ஞாயிறுகளில் அவரைக் கண்டதும் தலையைத் தூக்கியது. பிறகு எல்லோருக்கும் தூக்கியது. பிள்ளைகள் காதைப் பிடித்தாலும் வாலை இழுத்தாலும் அசை போட்டுக்கொண்டே நின்றது.

அறிவிப்பைப் பார்த்த அன்று செமோர்க்காரர் எங்களைத் தேடிவந்தார்.

"மானுங்க தைப்பிங் ஜூவுக்குப் போகுது. மத்ததுக்கெல்லாம் எடம் பாத்தாச்சு. மாடுதான் யாருக்கும் வேணாமாம், அண்ணே. மாட்ட எங்கயும் பாக்கலாமாம்." கொஞ்சம் தயங்கினார். "நேத்து எறச்சிக்காரன் வந்து பாத்துட்டுப் போனான்."

அப்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாகப் பிடிக்க மாட்டார்.

"எத்தனை நாள் இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"இந்த மாசக் கடைசி."

வீட்டுக்கு வந்து சமையலறையில் தண்ணீர் குடித்த அப்பா, கதவுக்குப் பின்னால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கறிக்குப் போகக் கூடாது. கேட்டுப் பாரு."

கேட்டேன். சுங்கை சிப்புட்டில் உறவினர் ஒருவர் மாடுகளை எப்போதோ விற்றுவிட்டிருந்தார். ஒரு கோயிலில் இடமில்லை என்றார்கள். பால் வற்றிய பசு என்று சொன்னதும் எல்லோருடைய குரலும் ஒரே மாதிரி மாறியது. அப்பா ஒவ்வொரு மாலையும் "ம்?" என்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன்.

கடைசியில் வழி சொன்னவரும் செமோர்க்காரர்தான். அவருடைய ஊரில் ஒருவர் புதுவீட்டுக் குடிபுகு சடங்குகளுக்குப் பசு ஓட்டிக்கொண்டு போகிறவர். அவருடைய பசு கிழடாகிவிட்டதாம். அவர் பார்க்க வந்தது அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு. அன்று சீட்டு விற்கவில்லை; கதவு திறந்தே கிடந்தது. முள்ளம்பன்றிக் கூண்டு காலி. முதலையும் இல்லை.

வந்தவர் செவலையை ஒரு சுற்றுச் சுற்றினார். பையிலிருந்து பூசை மணியை எடுத்து அதன் காதருகில் ஆட்டினார். வாலை இழுத்தார். செவலை அவர் சட்டைப்பையை மோந்து பார்த்தது.

"என்னண்ணே இது, சாமி மாதிரி நிக்கிது! என் பழைய மாடு மேளச் சத்தம் கேட்டா வீட்டுக்காரனையே முட்டப் போவும்."

"பிள்ளைங்க பழக்கிட்டாங்க" என்றார் செமோர்க்காரர்.

"படி ஏறுமா, அண்ணே? வாசல்ல ரெண்டு படி இருக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். "ஏறும். எங்க வீட்டுப் படிதான் ஒசரம்."

"எங்கெங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டேன்.

"எங்க கூப்பிட்டாலும் போறதுதான். எஸ்டேட்டெல்லாம் இப்ப வீடாயிட்டு வருதே, அக்கா. வேலைக்குக் கொறைச்சல் இல்ல."

அப்பா கேட்டுக்கொண்டிருந்தாரா தெரியவில்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் பையை அவிழ்த்தார். உள்ளே பழைய கயிறு. காலையில் ஆணி காலியாக இருந்ததை நான் பார்த்திருந்தேன். நைலான் கயிற்றைக் கழற்றிச் சுருட்டிச் செமோர்க்காரரிடம் கொடுத்தார். "இது பூங்காவோடது." பிறகு பழைய கயிற்றைச் செவலையின் கழுத்தில் கட்டினார். முடிச்சு முதல் தடவையில் சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

வந்தவர் தன் தோளில் வேறொரு கயிறு கொண்டுவந்திருந்தார். வழக்கம் அவருக்கும் தெரியும்.

"அண்ணே, கயிறு குடுக்கக் கூடாதே."

"தெரியும்."

"அப்புறம் ஒங்க வீட்டுல..."

"மூணாவது மாடி, தம்பி."

அவர் செமோர்க்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் கயிற்றை வாங்கிக்கொண்டார். செவலை எந்தப் பிடிவாதமும் இல்லாமல் நடந்தது. லோரியின் பலகையில் ஏறும்போது மட்டும் ஒரு கணம் நின்றது. அப்பா நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். ஏறிவிட்டது.

நாங்கள் பேருந்துக்காக நின்றபோது மழை பிடித்தது. அப்பாவின் குடை பெரியது. இருவரும் அதற்குள் நின்றோம். வீட்டுக்கு வந்ததும் அதைக் கொண்டுபோய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அந்த ஆணியில் மாட்டினார். தண்ணீர் சொட்டித் தரையில் பரவியது. நான் ஒரு துணியை எடுத்துவந்து கீழே போட்டேன்.